மலை வெளியே வராத ஆறு நாள்

தங்கள் எடையைச் சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்வார்கள். அதை நான் ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. ஆண்கள் பத்துப் பவுண்டு குறைப்பார்கள், பெண்கள் பதினைந்து, பாதிரியார்கள் இருபது. "பரவாயில்லைங்க, சும்மா ஒரு தடவை மெஷின்ல ஏறி நில்லுங்க" என்று சொல்வதுதான் முப்பத்தொரு வருடமாக என் வேலை. எங்களுடையது ஐந்து பயணிகள் ஏறும் சின்ன விமானம். சக்கரத்தோடு பனியில் இறங்குவதற்கான சறுக்குக்கட்டையும் சேர்த்து மாட்டியிருக்கும். டெனாலி மலையை ஒரு சுற்று சுற்றிக் காட்டி, வானம் தெளிவாக இருந்தால் மலையின் மடியில் இருக்கும் பனியாற்றில் இறங்கி, இருபது நிமிடம் ஆட்களைப் படம் எடுக்கவிட்டுத் திரும்பும். யார் முன்னால், யார் பின்னால், எவ்வளவு பாரம் என்பதையெல்லாம் நான் எழுதிக்கொடுக்கும் சீட்டுதான் தீர்மானிக்கும்.

"உள்ளதை உள்ளபடி எழுதுங்க, அவசரமே இல்ல" என்று காகிதமும் பேனாவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், அதிகாரி அம்மா. காப்பிக்கும் நன்றி. என் பெயர் வெர்னன் ஹுக்கலா. வயது அறுபத்து மூன்று. விமானத்தை ஓட்டுவது ஓடெல் பிராத்தர். கவுண்டர், எடை, வானிலை, ரேடியோ எல்லாம் நான். வேறு ஆள் கிடையாது, தேவைப்பட்டதும் கிடையாது.

என்னிடம் சின்னச் சின்னக் குறும்புகள் உண்டு. அதையும் மறைக்கவில்லை. எங்கள் ஊரில் காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்க மாட்டோம், "மலை வெளிய வந்திருக்கா?" என்றுதான் கேட்போம். மூன்று நாளில் இரண்டு நாள் அது மேகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஒருமுறை சிகாகோவிலிருந்து வந்த ஒரு மருத்துவர், "மலை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நாலு மணிக்கு சார்" என்றேன். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சரியாக நாலு மணிக்கு மேகம் விலகியது. கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டு ஏறினார். ஓடெல் அன்று சிரித்த சிரிப்பில் விமானத்தைக் கிளப்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இவ்வளவு சின்னதா? இதுவா பறக்கும்?" என்று கேட்பவர்களைக் கடைசி சீட்டில் போடுவேன். அங்கே முழங்கால் மோவாயில் இடிக்கும். கதவிடுக்கு வழியாகக் காற்று வரும். என்ஜின் சூடு அதுவரை எட்டாது. யாருக்கும் இதனால் ஒரு தீங்கும் வந்ததில்லை. கொஞ்சம் பணிவு வந்திருக்கலாம்.

லுவெல்லா புரூயிட் போன ஜூன் மாதத் தொடக்கத்தில் வந்தார். அரிசோனா மாநிலம் டூசான் ஊர்க்காரர். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

"எடை எவ்வளவுங்க?"

"நூத்தி நாப்பத்திரெண்டு. பூட்ஸோட."

மெஷினில் ஏற்றினேன். நூற்று நாற்பத்திரண்டு. முள் ஒரு நூல்கூட நகரவில்லை. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. அப்போதே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. இப்படிப்பட்டவர்களிடம் நாம் திருத்திக் கொடுப்பதற்கு ஒன்றுமே இருக்காது. கடைசி சீட்டில் போட்டேன்.

இறங்கி வந்தவருக்குக் கன்னமெல்லாம் சிவந்திருந்தது. "ரொம்ப நன்றிங்க வெர்னன். கடைசி சீட்டுல உக்காந்தா ரெண்டு பக்க ஜன்னலும் தெரியுது. நீங்க யோசிச்சுத்தான் போட்டிருக்கீங்க" என்றார். அதில் கிண்டல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். அப்புறம் அடுத்த வாரமும். ஊரில் மரக்குடில்களை வாடகைக்கு விடும் இங்காவிடம் ஒரு குடிலை மாத வாடகைக்கு எடுத்துத் தங்கிக்கொண்டார். ஐந்தாவது தடவை வந்தபோது ஓடெல் தாடியைச் சீவியிருந்தான். எனக்குத் தெரிந்து அந்தத் தாடியில் சீப்பு பட்டதே கிடையாது.

"வெர்ன், அந்த அம்மாவை இன்னைக்கு முன்னாடி போடேன்" என்றான்.

"எடை ஒத்துவராது ஓடெல்."

"நூத்தி நாப்பத்திரெண்டு எங்க போட்டாலும் ஒத்துவரும்டா."

"இன்னைக்கு வராது."

அவன் என்னைப் பார்த்தான், சிரித்தான், சீட்டை வாங்கிக்கொண்டு போனான். என் சீட்டை அவன் எதிர்த்துப் பேசியதே கிடையாது. மேலே போனால் தன் உயிர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை நான் எவ்வளவு பெரிதாக மதித்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

மாலையில் கடைசிச் சுற்று முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் விமானக் கொட்டகையில் சீட்டு விளையாடுவோம். முப்பத்தொரு வருடம் ஒரு நாள் தவறவில்லை. எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோதுகூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் பலகையைப் போட்டு விளையாடினோம். ஜூன் கடைசியில் அவன் வாரத்துக்கு மூன்று நாள்தான் வந்தான். ஜூலை நாலாம் தேதி, ஊரே கொடியும் வாணவேடிக்கையுமாக இருந்த அன்று, சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னான்.

"அக்டோபர்ல விமானத்தை வித்துடலாம்னு இருக்கேன் வெர்ன்."

"சரி."

"டூசான்ல பனியே கிடையாதாம். டிசம்பர்ல சட்டை இல்லாம வாசல்ல உக்காரலாமாம். முப்பத்தொரு வருஷமா வெள்ளையவே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சுடா."

"சரி."

"சும்மா சரி சரிங்காத. நீயும் வா. அவ வீட்டுல பின்னாடி ஒரு அறை இருக்காம். அவளே சொன்னா."

அவளே சொன்னாள். நினைத்துப் பாருங்கள் அம்மா. என் முப்பத்தொரு வருடத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பின்கட்டில் ஒரு அறை. அதுவும் நல்ல மனதோடு. நான் ஓடெலிடம் கோபப்படவில்லை. யோசிக்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்தேன். ஒருவேளை அந்த அம்மாள் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்தால் ஓடெலுக்குத் தெளிவு பிறக்கும் என்று தோன்றியது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. அவனுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக்கொடுத்தேன் என்றுதான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை ஒன்பதாம் தேதி சனிக்கிழமை. நல்ல வெயில். நெப்ராஸ்காவிலிருந்து சோளம் பயிரிடும் நான்கு அண்ணன் தம்பிகள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆள். இருநூற்று இருபது, இருநூற்று முப்பது, அந்த அளவு. அவர்களோடு லுவெல்லா. சீட்டில் நான்கு பேருக்கும் ஆளுக்கு முப்பது பவுண்டு குறைத்து எழுதினேன். கீழே எங்கள் ஓடுபாதையில் அது பெரிய விஷயமில்லை, எழும்பிவிடும். ஆனால் ஜூலை மாத மத்தியானத்தில் மேலே பனி கஞ்சியாக இருக்கும். ஏற்றிய பாரத்தை அது விடாது.

அதேபோல்தான் நடந்தது. பனியாற்றில் இறங்கினார்கள், படம் எடுத்தார்கள், ஏறினார்கள். ஓடெல் இரண்டு தடவை முயன்றும் விமானம் எழும்பவில்லை. இப்படி ஆகும்போது இங்கே எந்த விமானியும் செய்வதை அவனும் செய்தான். ஒருவரை இறக்கிவிட்டு, மற்றவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்து, திரும்பிப் போய் அவரைக் கூட்டிவருவது. "யாரு இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறான். யார் கையைத் தூக்கியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரைச் சம்பளத்துக்கு மற்ற டிரைவர்களின் விடுமுறை நாட்களிலெல்லாம் பஸ் ஓட்டிய ஆள் அவர். அவரே பெருமையாகச் சொன்னதுதான். ஒரு மணி நேரம் தனியாக மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று சந்தோஷமாகவே இறங்கியிருக்கிறார்.

ஓடெல் விதிப்படி அவசரப் பையை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தான். கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, இரண்டு பேருக்கு மூன்று நாள் சாப்பாடு. அந்தப் பையை நான் தொடவே இல்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முகட்டைத் தாண்டியதும் ரேடியோவில் வந்தான். "வெர்ன், பாரம் தூக்கல. லுவெல்லாவை மேல விட்டிருக்கேன். இவங்களை இறக்கினதும் உடனே திரும்பிப் போறேன். பெட்ரோலைத் தயாரா வை."

"சரி ஓடெல்."

பக்கத்துக் கம்பெனி விமானி ஸ்கீட் என்பவனும் அந்த நேரத்தில் அதே பனியாற்றுப் பக்கமிருந்து காலி விமானத்தோடு வந்து இறங்கியிருந்தான். இறங்கியதும் நேரே படகை எடுத்துக்கொண்டு சால்மன் பிடிக்க ஆற்றோடு கீழே போய்விட்டான். ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு வாரம் போவான். அங்கே டெலிபோன் கிடையாது. இது எனக்குத் தெரியும்.

ஓடெல் வந்து இறங்கினான். நெப்ராஸ்காக்காரர்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்கள். ஓடெல் பெட்ரோல் குழாயைத் தேடினான்.

"போக வேண்டியதில்ல" என்றேன். "ஸ்கீட் அந்தப் பக்கமாத்தான் வந்தான். நான் ரேடியோவுல சொன்னேன், அவங்களையும் ஏத்திட்டு வந்துட்டான். உனக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வந்தாச்சு."

"எங்க அவ?"

"தலைவலின்னு குடிலுக்குப் போயிட்டாங்க. வெயில் கொஞ்சம் அதிகம் மேல. நாளைக்குப் பாக்கலாம், தூங்கணும்னு சொன்னாங்க."

ஓடெல் பெருமூச்சு விட்டான். "நல்ல வேளை வெர்ன். மேற்கே கறுத்துட்டு வருது பாத்தியா? இன்னொரு தடவை போயிருந்தா நானும் மாட்டியிருப்பேன்."

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று அவன் திரும்பிப் போயிருந்தால் இரண்டு பேரும் மேகத்தில் சிக்கியிருப்பார்கள். ஒரு வகையில் பார்த்தால் அவன் உயிரை நான் காப்பாற்றியிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ரயில் பாதை ஓரத்தில் பூத்திருந்த இளஞ்சிவப்புப் பூக்களைப் பறித்துக்கொண்டு வந்து நின்றான். அவன் குடிலுக்குப் போவதற்கு முன்னால், லுவெல்லா கவுண்டரில் வைத்துவிட்டுப் போனதாகச் சொல்லி ஒரு கடிதத்தைக் கொடுத்தேன். லுவெல்லா ஏழு தடவை எங்கள் படிவத்தை நிரப்பியிருக்கிறார். அவர் கையெழுத்து உருண்டை உருண்டையாக, பிள்ளைகளின் டிபன் பெட்டியில் பெயர் எழுதுவதுபோல இருக்கும். பழகுவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதில் நான் ஒன்றும் மோசமாக எழுதவில்லை. 'நல்லா யோசிச்சுப் பார்த்தேன். நீங்க இந்த மலையோட ஆளு. உங்களை இங்கிருந்து பிரிச்சா அது பாவம். காலை ரயில்ல போறேன். தேடி வராதீங்க.' ஓடெலுக்கு முதலில் ஒரு கல்யாணம் ஆகி, அந்த மனைவி முதல் குளிர்காலத்திலேயே இதுபோல ஒரு கடிதத்தை வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். அந்தக் கடிதத்தை எழுதியது நான் இல்லை. ஆனால் ஓடெல் அதை எனக்குப் பலமுறை படித்துக் காட்டியிருக்கிறான். நல்ல வாசகங்கள் மனதில் தங்கிவிடுகின்றன.

அவன் இரண்டு தடவை படித்தான். "எனக்குத் தெரியும்டா" என்றான். "என்கூட எவ இருப்பா?" பூவைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நான் பூவைத் தண்ணீரில் போட்டேன்.

அப்புறம் ஆறு நாள் மழை. மலை வெளியே வரவே இல்லை. ஊரில் ஒரு விமானமும் கிளம்பவில்லை. உங்களிடம் பொய் சொல்லக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். என் வாழ்க்கையிலேயே நல்ல ஆறு நாட்கள் அவை. காலையிலிருந்தே விளையாடினோம். நான் மான் கறிக் குழம்பு வைத்தேன், புளித்த மாவு ரொட்டி சுட்டேன். முதல் இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் சாப்பிட்டான். சீட்டில் அவனுக்குக் கவனமே இல்லை. நான்தான் தோற்றுக்கொடுத்தேன். அது அவ்வளவு சுலபமில்லை. கையில் நல்ல சீட்டை வைத்துக்கொண்டு மோசமாக விளையாட ஒரு திறமை வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவன் டூசான் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தான். அது என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அவனிடம் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் என்னைப் பற்றி நல்லவிதமாகவே எழுதியிருக்கிறான்.

மேலே இருப்பவரை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தினமும் ஒருதடவை நினைத்துக்கொள்வேன். பையில் இரண்டு பேருக்கு மூன்று நாள் சாப்பாடு என்றால், ஒருவருக்கு ஆறு நாள். அவர் சின்ன உடம்புக்காரர். நிதானமாகச் சாப்பிட்டால் ஏழுகூட வரும். இங்கே மழை என்றால் அங்கே பனி விழும். அது கூடாரத்துக்கு நல்லது, காற்றைத் தடுக்கும். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஓடெல் சிரித்தான். எங்கள் ஊர்ப் பாதிரியார் எடை மெஷினில் ஏறி, தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறிப் பார்த்த பழைய கதையை நான் சொன்னேன். முதலில் மூக்கால்தான் சிரித்தான். அப்புறம் பழையபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன் அம்மா. ஆனால் அவன் சிரித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலை வானம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. மலை முழுசாக வெளியே வந்திருந்தது. ஓடெல் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆளுங்க இருக்காங்களா வெர்ன்?"

"ஒன்பது மணிக்கு மூணு பேரு. மேற்குப் பக்கமா சுத்திட்டு வா போதும். இறங்க வேண்டாம், புதுப்பனி நிறைய."

சீட்டை முன்தினமே எழுதி வைத்திருந்தேன். இறங்கக்கூடாது என்று அடிக்கோடிட்டிருந்தேன்.

அப்போதுதான் ஸ்கீட் உள்ளே வந்தான். கையில் ஒரு வாளி, வாளி நிறைய மீன். "கெழவனுங்களா, இன்னும் செத்துப்போகலையா? ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கங்க" என்றான்.

ஓடெல் வாளியைப் பார்க்கவில்லை. "ஸ்கீட், போன சனிக்கிழமை உனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லல."

"எதுக்கு?"

"லுவெல்லாவை மேலேருந்து கூட்டிட்டு வந்தியே."

"யாரை?"

"லுவெல்லாடா. டூசான் அம்மா."

"நான் யாரையும் கூட்டிட்டு வரலையே. அன்னைக்குக் காலியா வந்தேன், காலியா இறக்கினேன். யாரு சொன்னது உனக்கு?"

ஓடெல் உடனே திரும்பவில்லை. கோப்பையைக் கவுண்டரில் வைத்தான். சிந்தாமல் வைத்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"அவ எங்கடா வெர்ன்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரடியாகக் கேட்ட கேள்விக்கு ஓடெலிடம் நான் பொய் சொன்னதில்லை.

"நீ விட்ட இடத்துலதான்" என்றேன்.

அவன் என்னை அடிப்பான் என்று ஸ்கீட் நினைத்தான் போலிருக்கிறது. இடையில் வந்து நின்றான். ஓடெல் அடிக்கவில்லை. ஓடினான். அறுபத்து நான்கு வயதில் அவ்வளவு வேகமாக ஓடுவான் என்று எனக்கே தெரியாது. ஸ்கீட் வாளியைக் கீழே போட்டுவிட்டுத் தன் விமானத்தை நோக்கி ஓடினான். நான் மீனைப் பொறுக்கி வாளியில் போட்டுவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். என் வேலையை நான் விடவில்லை. காற்று வடமேற்கு, வேகம் குறைவு, பனியாற்றின் மேல் மேகம் இல்லை என்று சொன்னேன். 

முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஓடெலின் குரல் வந்தது. என்னிடம் இல்லை, ஸ்கீட்டிடம். "கீழ பாரு. கோடு மாதிரி ஒண்ணு தெரியுது."

"என்னது அது?"

"ஓடுபாதைடா. மிதிச்சு மிதிச்சு ஓடுபாதை போட்டிருக்கா!"

ஆறு நாளும் அந்த அம்மாள் அதைத்தான் செய்திருக்கிறார். பாரம் தாங்காமல் விமானம் எழும்பாததைக் கண்ணால் பார்த்தவர் அல்லவா. பனி விழ விழ, பூட்ஸ் காலால் மேலும் கீழும் நடந்து, ஒரு விமானம் இறங்கி எழும்பும் நீளத்துக்குப் பனியை இறுக்கி வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். வண்டி வரும், அதற்கு வழி தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். இரண்டு கால்விரல்கள் பிழைக்காது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். அவர் சும்மா கூடாரத்துக்குள்ளேயே இருந்திருந்தால் விரல்கள் போயிருக்காது. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அவர்கள் திரும்பி வருவதற்குள் ஊரே ஓடுபாதை ஓரத்தில் கூடிவிட்டது. ஓடெல் அவரைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினான். உதடெல்லாம் வெடித்து, மூக்கின் தோல் உரிந்து, கண் இடுங்கிப் போயிருந்தது. ஆனால் சிரித்தார். "இறக்கிவிடுங்க பைலட்டு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். அவன் இறக்கிவிட்டதும் கூட்டத்தில் ஒரு பக்கமாகப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அது என் கோட்டு மாதிரி இருக்கே" என்றார்.

குடில்காரி இங்கா, உள்ளே கம்பளி வைத்துத் தைத்த பச்சை மழைக்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"உங்க கோட்டுதாங்க" என்றாள். "நீங்க ரயில் ஏறிட்டீங்க, அரிசோனாவுல இது தேவைப்படாதுன்னு எனக்குக் குடுக்கச் சொன்னீங்கன்னு வெர்னன்தான்... பெட்டியெல்லாம் அவன்தான் கட்டினான். ஐயோ, எனக்குத் தெரியாதுங்க." சொல்லிக்கொண்டே பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள். அவசரத்தில் ஒன்று அறுந்து விழுந்தது.

எல்லோரும் என் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் ரேடியோவை அணைத்தேன். அன்று இனிமேல் யாரும் பறக்கமாட்டார்கள் என்று தெரிந்தது.

லுவெல்லா ஓடெலின் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே கவுண்டருக்கு வந்தார்.  மெஷினில் ஏறி நின்றார்.

"நூத்தி முப்பது" என்றார். "பூட்ஸோட. எழுதிக்கங்க வெர்னன்."

எழுதிக்கொண்டேன். சரியாக இருந்தது.

"நான் அங்க என்ன நினைச்சேன் தெரியுங்களா?" என்றார். "பைலட்டு எங்கேயோ மோதிட்டாரு, செத்துட்டாரு, அதனாலதான் வரலன்னு நினைச்சேன். ஆறு நாளும் அவருக்காக அழுதேன். உங்களுக்காகவும்தான். பாவம், தனியா என்ன பண்ணுவாரோன்னு."

நூற்று முப்பதுக்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.  ஓடெல் அவரை மெதுவாக மெஷினிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனான். என்னைப் பார்க்கவில்லை. கோபமாக இருக்கிறான். அக்டோபருக்குள் சரியாகிவிடுவான். அவனை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

ஆக, எடையைக் குறைத்து எழுதியது நான். ஸ்கீட்டைப் பற்றிச் சொன்னது நான். ரயில் கடிதம் எழுதியதும் நான். தபாலில் போடாத கடிதமும் என்னிடம்தான் இருக்கிறது. எதையும் மறுக்கவில்லை. ஆனால் கொலை முயற்சி என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்களே, அது மட்டும் என்னைப் புண்படுத்தியது. அந்த அம்மாள் உயிரோடு இறங்கி வருவார் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நிச்சயம் சொல்லியிருப்பேன்.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கும் எழுதிவிடுகிறேன். அவர் திரும்பி வருவார் என்று நம்பியிருந்தால், மறுநாளே அவர் கோட்டை எடுத்து இன்னொருத்திக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது அம்மா. இங்கா மெல்லிய சட்டையோடு குடில் வாசலில் நின்றிருந்தாள். ஒரு மனுஷி குளிரில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.